குழிநீர்ப் பிரகடனம்

எங்கள் நாட்டில் மலை கிடையாது. ஆறு கிடையாது, ஓடைகூடக் கிடையாது. குழி உண்டு. அந்தக் குழியின் பேரால் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் துவாலு மக்கள். ஃபுனாஃபுட்டியில் கூடியிருக்கிறோம். துவாலு என்றால் சேர்ந்து நிற்கும் எட்டு என்று பொருள். தீவுகள் என்னவோ ஒன்பது. ஒன்பதாவதான நியுலாகிடாவில் பிற்காலத்தில்தான் ஆட்கள் குடியேறினார்கள். அதற்காகப் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஒன்பதையும் ஒட்டவைத்தாலும் 26 சதுர கிலோமீட்டர்தான் தேறும். அதில் சுமார் 11,000 பேர் இருக்கிறோம். பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஃபுனாஃபுட்டியில், அதிலும் பெரும்பாலோர் ஃபொங்காஃபாலே என்ற ஒரே கீற்றில். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் பசிபிக். கீற்றின் அகலம் அதிகமாகப் போனால் 400 மீட்டர். ஒடுங்கிய இடத்தில் 20 மீட்டர். அங்கே சாலையில் நின்றால் ஒரு காதில் காயல், மறுகாதில் பெருங்கடல்.

எந்தக் குழியைச் சொல்கிறோம் என்பதை முதலில் விளக்கிவிடுகிறோம். எங்கள் தரையில் மழைநீர் ஓடாது. மணலும் பவளச்சல்லியும் அதை அப்படியே குடித்துவிடும். அடியில் கடல்நீர் இருக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப்போல. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் நன்னீர் நின்றால் கீழே நாற்பது சாண் நிற்க வேண்டும் என்பது ஏட்டுக்கணக்கு. ஓட்டையும் பொந்துமான பவளப்பாறையில் அந்தக் கணக்கு அப்படியே பலிப்பதில்லை. இருந்தாலும் நிற்கிறது, அல்லது நின்றது.

எங்கள் முன்னோர் அந்த வில்லையைத் தேடித் தோண்டினார்கள். இரும்பில்லாத காலம், சிப்பியும் கட்டையும்தான் கருவி. சல்லியை அள்ளி அள்ளி, நீர் கசியும் மட்டம்வரை போனார்கள். அங்கே மண் இல்லை. ஆகவே மண்ணையும் அவர்களே செய்தார்கள். சீமைப்பலா இலையும் தென்னோலையும் கரையோரச் செடிகளின் தழையும் கொட்டி மக்கவைத்துக் கறுப்பாக ஒரு மண்ணை உண்டாக்கினார்கள். அதில் நட்டது புலாக்கா. சேம்பின் பெரிய தாயாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைகள் ஆள் உயரம் போகும். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஓலையைக் கூடைபோல முடைந்து, உள்ளே தழையெருவைத் திணித்துத் திணித்து வளர்ப்பார்கள். கிழங்கு முற்ற வருடக்கணக்கில் பொறுக்க வேண்டும். சரியாக வேகாவிட்டால் சேம்பைப்போலவே தொண்டையை அரித்தெடுத்துவிடும். துருவி, இலையில் பொதிந்து அவித்து, தேங்காய்ப்பாலில் சேர்த்தால் ஃபெக்கெய். எந்தத் தழையை எந்த நேரத்தில் எவ்வளவு போடுவது என்பது குடும்ப இரகசியம். தகப்பன் மகனுக்குச் சொல்வான், பக்கத்துக் குழிக்காரனுக்குச் சொல்லமாட்டான். அந்த இரகசியத்தைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பிரகடனத்தை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள் சண்டை வந்ததே அதில்தான்.

நாங்கள் மட்டும் இங்கே தோண்டவில்லை. 1896இல் லண்டன் ராயல் சொசைட்டி ஃபுனாஃபுட்டியில் துளைபோட ஆட்களை அனுப்பியது. பவளவளையம் எப்படி உண்டாகிறது என்று டார்வின் 1842இல் ஒரு விளக்கம் எழுதியிருந்தார். எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழும். அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பவளம் மேலே மேலே வளரும். கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சும் என்பது அவர் வாதம். அது மெய்யா என்று பார்க்கத்தான் துளை. முதல் முயற்சி நூறடி அளவிலேயே நின்றுபோனது. மறுவருடம் சிட்னியிலிருந்து நிலவியலாளர் எட்ஜ்வொர்த் டேவிட் வந்தார். 1898இல் துளை சுமார் 340 மீட்டர்வரை இறங்கியது. அவ்வளவு ஆழத்திலும் பவளச் சுண்ணாம்புதான்; எரிமலைக்கல் தட்டுப்படவே இல்லை. விடை கிடைத்தது 1952இல், மார்ஷல் தீவுகளின் எனிவெட்டோக்கில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில். டார்வின் சொன்னது சரி. (அதே ஆண்டு அதே எனிவெட்டோக்கில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டையும் வெடித்துப் பார்த்தது. பவளத்தீவுக்கு அறிவியல் தனியாக வருவதில்லை.)

அந்தத் துளையின் வாய் இன்றும் இருக்கிறது. வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டுகிறோம். எங்களைப் பொறுத்தவரை அது சொல்வது இதுதான்: அடி தாழத் தாழ மேலே வளர்ந்து வந்த பூமி எங்களுடையது. அமிழ்வது எங்களுக்குப் புதிதில்லை. வளரவிடாமல் செய்வதுதான் புதிது.

அடுத்துத் தோண்டியது படை. 1942 அக்டோபரில் அமெரிக்கர்கள் வந்திறங்கினார்கள். தென்னைகளை வெட்டினார்கள், தோட்டங்களை அழித்தார்கள், தீவின் அகலமான இடத்தில் விமான ஓடுபாதை போட்டார்கள். அகலமான இடம் என்றால் நன்னீர் வில்லை தடித்திருக்க வேண்டிய இடம் என்பதைக் கவனியுங்கள். ஓடுபாதைக்கு வேண்டிய சல்லிக்காகத் தீவின் மற்ற இடங்களைப் பள்ளம் பள்ளமாகத் தோண்டி எடுத்தார்கள். போர் முடிந்தது, போய்விட்டார்கள். பள்ளங்கள் போகவில்லை. ஓதம் ஏறினால் அவற்றில் உப்புநீர் ஊறும், குப்பை சேரும், வேறு இடம் இல்லாத குடும்பங்கள் அவற்றின் மேலேயே கால் நட்டு வீடு கட்டிக்கொண்டன. நியூசிலாந்து உதவியோடு காயல் மணலை இறைத்து அந்தப் பள்ளங்கள் மூடப்பட்டது 2015இல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பள்ளங்களோடு வாழ்ந்தோம்.

அந்நியன் தோண்டியதெல்லாம் கேடு என்று சொல்லவும் எங்களால் முடியாது. 1943 ஏப்ரல் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட வந்தபோது எங்கள் மக்கள் 680 பேர் தேவாலயத்துக்குள் ஒண்டியிருந்தார்கள். லாட் என்ற அமெரிக்கக் கார்ப்பரல் அவர்களை வற்புறுத்தி வெளியேற்றிப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பினார். சற்றைக்கெல்லாம் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது. இங்கே கூடியிருப்பவர்களில் பலர் அன்று ஒரு குழிக்குள் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

ஓடுபாதை இன்று எங்கள் விமான நிலையம். விமானம் வரும்போது சங்கு ஊதும், விலகிக்கொள்வோம். மற்ற நேரமெல்லாம் அது எங்கள் முற்றம். மாலையில் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள்; புழுக்கமான இரவில் பாய் விரித்துப் படுக்கிறோம். அதைப் பெயர்த்தெறியச் சொல்லும் கிறுக்கு எங்களுக்கு இல்லை. ஆனால் அதன் அடியில் எதை இழந்தோம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

இப்போது எங்கள் தலையாய கருத்துக்கு வருகிறோம். உலகம் எங்களை இரண்டே அளவுகோலால் அளக்கிறது. ஒன்று சென்டிமீட்டர்: முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடக் கடல்மட்டம் இங்கே சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது என்று நாசா 2023இல் கணித்தது. இன்னொன்று ஹெக்டேர்: 1971 முதல் 2014 வரையிலான வான்படங்களை வைத்து எங்கள் 101 தீவுத்திட்டுகளை அளந்த ஆய்வாளர்கள், மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது என்று 2018இல் எழுதினார்கள். உடனே ஒரு கூட்டம், துவாலு மூழ்கவில்லை, வளர்கிறது, எல்லாம் புரளி என்று கிளம்பியது. மறுகூட்டம் அந்த ஆய்வையே மறைக்கப் பார்த்தது. இரண்டு கூட்டத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. தீவுகள் நகரும், கூடும், குறையும் என்பது எங்கள் பாட்டிமாருக்கே தெரியும். 1972இல் பெபே புயல் ஒரே நாளில் 19 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளச்சல்லியை வாரி மேடாகக் குவித்தது. அந்தச் சல்லி பின்னர் கரையோடு சேர்ந்தது. 1997 புயல்களில் டெப்புக்கா சாவிலிவிலி என்ற திட்டு மரமும் மணலும் போய் வெறும் பாறையானது. கொடுக்கும், எடுக்கும்.

ஆனால் கூடிய நிலத்தில் குடிக்க என்ன இருக்கிறது? நட்டால் முளைக்குமா? விண்ணிலிருந்து பார்த்தால் அது தெரியாது. பேரோதம் ஏறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் கரையைத் தாண்டி வருவதைத்தான் கேமராக்கள் பிடிக்கின்றன. ஃபொங்காஃபாலேயில் கடல் கரைவழியாக மட்டும் வருவதில்லை. தரைக்கு அடியிலிருந்தும் ஊறி வருகிறது. ஓடுபாதையோரம் புல்லுக்கு நடுவே குமிழி விட்டுக்கொண்டு எழும். கரைச்சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த நீருக்கு அது தடையில்லை. புலாக்காக் குழிக்குள் முதலில் இறங்குவதும் அதுதான். இலை ஓரம் மஞ்சளிக்கும், கிழங்கு அழுகும். தலைநகரில் பல குழிகள் அப்படித்தான் செத்தன. 2015இல் பாம் புயலின் அலைகள் நுய் போன்ற தீவுகளில் குழிகளுக்குள் கடலையே கொட்டிவிட்டுப் போயின.

ஆகவே எங்கள் அளவுகோல் மூன்றாவது. குழியில் கைவிட்டு ஒரு வாய் தண்ணீர் எடுத்துப் பார்ப்போம். இனித்தால் நாடு இருக்கிறது. கரித்தால், நிலப்பரப்பு எத்தனை சதவீதம் கூடினாலும், இருக்கிறது என்று சொல்லமாட்டோம்.

2011இல் மழை பொய்த்தது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி, 40 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் விமானத்தில் வந்திறங்கின. அனுப்பிய நாடுகளுக்கு நன்றி. ஆனால் அன்றுதான் பலருக்கு உறைத்தது: கூரையையும் தொட்டியையும் நம்பிக் கீழே இருக்கிற வில்லையை மறந்துவிட்டோம். அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, டின்னில் அடைத்த இறைச்சி எல்லாம் கப்பலில் வருகின்றன. கப்பல் தாமதமானால் கடையில் வரிசை. கப்பல் வந்தால் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் வரிசை.

அடுத்தவரைக் குற்றம் சொல்வதற்கு முன் எங்கள் முதுகையும் பார்த்துவிடுவோம். எங்கள் கரையின் மணல் எங்கிருந்தும் வந்ததல்ல. அதில் பெரும்பங்கு ஃபொராமினிஃபெரா என்ற கடுகளவு உயிர்களின் ஓடு; இன்னொரு பங்கு கிளிமீன் பவளத்தைக் கொறித்துக் கழித்தது. இரவுபகலாக மணல் செய்யும் இந்தத் தொழிலாளர்களை நாங்களே கொன்றுகொண்டிருக்கிறோம். சரியாகக் கட்டாத கழிவுத்தொட்டிகளின் நீர் காயலில் கசிகிறது. பன்றித் தொழுவங்களைக் கழுவிவிட்ட நீரும் அதிலேயே. கழிவு சேரும் கரையோரத்தில் அந்த உயிர்கள் அருகிப்போவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கரியமில வாயு எங்களால் கூடவில்லை. அதை உலகத்திடம் கேட்போம், நியாய மன்றங்களிலும் கேட்போம். காயலின் அழுக்கு எங்களுடையது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவோடு 2023இல் செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய்க் குடியிருக்கலாம். 2025இல் முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பதிந்தார்கள். இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் பதியாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் கை அதிகம் எழாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடலோடிகளின் பிள்ளைகள் நாம். நம் வைத்துப்புத் தீவுக்காரர்கள் ஃபிஜியில் கியோவா தீவையே விலைக்கு வாங்கி 1947 முதல் அங்கே வாழ்கிறார்கள். இன்றும் நம் உறவுதான்.

ஆனால் 1863ஐயும் மறக்கவில்லை. பெரு நாட்டு அடிமைக் கப்பல்கள் வந்தன. கடவுளைப் பற்றிக் கற்றுத் தருகிறோம் என்று ஆசைகாட்டி நுக்குலைலைத் தீவிலிருந்து சுமார் 250 பேரையும் ஃபுனாஃபுட்டியிலிருந்து சுமார் 170 பேரையும் ஏற்றிக்கொண்டு போயின. நுக்குலைலையில் மிஞ்சியவர்கள் நூறு பேருக்கும் குறைவு. குழி காக்க ஆளில்லாத தீவு எப்படி இருக்கும் என்று நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். இன்றைய விமானத்தை அன்றைய கப்பலோடு ஒப்பிடவில்லை. இது நாமே விரும்பிப் போவது, திரும்பிவர வழி உள்ளது. ஆனால் ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: புலாக்காக் குழிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போக முடியாது. தழை போட ஆளில்லாவிட்டால் சில ஆண்டுகளில் அது வெறும் பள்ளம்.

நிலம் போனாலும் நாடு நிலைக்கும் என்று 2023இல் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டோம். நல்லது. தீவுகளைக் கணினிக்குள் பிரதியெடுக்கும் வேலையும் நடக்கிறது. செய்யட்டும், ஏற்கெனவே எங்கள் பெயரின் இரண்டு எழுத்து இணையத்தில் டாட் டிவி ஆகி எங்களுக்குப் பணம் சம்பாதித்துத் தந்திருக்கிறது. ஆனால் கணினியில் எரு மக்காது.

ஆகவே அறிவிக்கிறோம். ஒன்பது தீவுகளிலும் உயிரோடிருப்பவை, செத்துப்போனவை என எல்லாப் புலாக்காக் குழிகளையும் குடும்பப் பெயரோடு பதிவுசெய்வோம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழியிலும் உப்பை அளந்து, அதை ஊர்ச்சபையான ஃபலேகாவ்புலேயில் எல்லாரும் கேட்கப் படிப்போம். அரசின் கணக்குக்குக் காத்திருக்கமாட்டோம். கரையோரத்தில் புதிய தொழுவமோ கசியும் தொட்டியோ கட்டுவதை எங்கள் உறுப்பினர் எவரும் செய்யமாட்டார். ஏற்கெனவே கட்டியவர்கள் முதலில் தங்கள் வீட்டிலிருந்து தொடங்குவார்கள்.

குழி இல்லாதவர்களின் வழக்கு சிக்கலானது. வெளித்தீவுகளிலிருந்து பிழைப்புக்கு வந்து ஃபுனாஃபுட்டியில் வாழ்கிறவர்களுக்கு இங்கே நிலமும் இல்லை, குழியும் இல்லை. இந்த மண்ணின் பழங்குடும்பங்களுடைய உரிமையில் கைவைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் காயலை இறைத்து ஏழு ஹெக்டேருக்கு மேல் புதிதாக நிலம் எழுப்பியிருக்கிறார்கள். எதிர்பார்க்கும் கடல்மட்டத்தைவிட உயரமாக, அழகாக. அதில் ஒரு பங்கைக் கட்டடத்துக்குக் கொடுக்காமல் பொதுக் குழிகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறோம். அங்கே நன்னீர் வில்லை இல்லை என்பது தெரியும். அடியில் சிமென்ட் பூசி, கூரைநீரைத் திருப்பிவிட்டு, தழையெருவில் நடுவோம். தைவான் உதவியோடு நடக்கும் காய்கறித் தோட்டம் சல்லித்தரையில் கீரையும் வெள்ளரியும் விளைவிக்கிறது. புலாக்கா அதைவிட மானமுள்ள பயிர், முயன்றுதான் பார்க்க வேண்டும்.

இனி அந்த இரகசியம். பெரியோர்களே, கோபிக்காதீர்கள். எந்தத் தழை, எந்தப் பருவம், எத்தனை அடுக்கு என்பதைத் தகப்பனிடமிருந்து பெற்ற பலர் இன்று அறுபது தாண்டியவர்கள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், அல்லது பிரிஸ்பேனில். அவனுக்காகக் காத்திருந்து வாயைத் திறக்காமல் நீங்கள் போய்விட்டால், குழியைக் கடல் கொல்வதற்கு முன்பே நாம் கொன்றவர்களாவோம். முழுவதையும் சொல்லச் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தழையை மட்டும் ஊருக்குக் கொடுக்கட்டும். மற்றது உங்களோடு இருக்கட்டும். இதற்கும் சம்மதிக்காத மூன்று குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. அவர்களும் உறுப்பினர்களே.

போகிறவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. போவதற்கு முன் உங்கள் குழியை யார் பார்த்துக்கொள்வார் என்று ஊர்ச்சபையில் எழுந்து நின்று பெயர் சொல்லிவிட்டுப் போங்கள். விடுமுறைக்கு வரும்போது முதல் நாள் அந்தக் குழியில் ஒரு கூடை தழை போடுங்கள். பணம் அனுப்புவது வேறு, அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கேமராவோடு வருகிறவர்களே, 2021இல் எங்கள் அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் நீரில் நின்று உலகக் காலநிலை மாநாட்டுக்குப் பேசினார். அந்தப் படம் தேவையாக இருந்தது, பயன்பட்டது. இனி எங்களை நீரில் இறங்கி நிற்கச் சொல்லாதீர்கள். குழியில் இறங்குங்கள், காட்டுகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. முதல் கிழங்கு முற்றட்டும், அதற்குள் ஏதாவது தோன்றும். முதல் வேலை வரும் சனிக்கிழமை, ஓடுபாதைக்குத் தெற்கே செத்துக் கிடக்கும் இரண்டு குழிகளில். கடல் வற்றும் நேரத்தில் தொடங்குவோம். ஞாயிறு யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டோம். நாற்று வைத்துப்புவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் பிந்தினாலும் பரவாயில்லை, எரு மக்க எப்படியும் நாள் பிடிக்கும். கத்தி வைத்திருப்பவர்கள் கத்தியும், சீமைப்பலா மரம் வைத்திருப்பவர்கள் உதிர்ந்த இலையும் கொண்டுவாருங்கள். கூடை முடையத் தெரிந்த பாட்டிமாரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். உட்காரப் பாய் நாங்கள் போடுகிறோம்.